கட்டுநாயக்கவில் ஒரு கோப்பி: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து முதன்முறை விமானம் ஏறுவோருக்கு

நம் பக்கத்து ஆட்களுக்கு வெளிநாட்டுப் பயணம் முதல் நாள் இரவு வேனிலேயே தொடங்கிவிடுகிறது. மட்டக்களப்புத் திமிலதீவில் ஓடுபாதை இருக்கிறதுதான், சின்ன விமானங்கள் வந்து போகவும் செய்கின்றன. ஆனால் டோஹாவுக்கோ ரியாத்துக்கோ ஜித்தாவுக்கோ சென்னைக்கோ போவதென்றால் கட்டுநாயக்க விமான நிலையம்தான் வாசல். கல்முனையிலோ காத்தான்குடியிலோ இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஏறினால் பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று ஆறு ஏழு மணித்தியாலம் ஓடி விடியற்புறம் கொண்டுபோய் இறக்குவார்கள். பொத்துவில், அக்கரைப்பற்று ஆட்களுக்கு இன்னும் கூட. கண் எரியும், தலை கனக்கும், வயிறு வெறுமையாக இருக்கும். அந்த நேரத்தில் ஒரு சூடான கோப்பியும் கடிக்க ஏதாவதும் கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

கிடைக்கும். ஆனால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் குடிப்பது என்று தெரியாமல் போனால் காசும் போகும், கோப்பியும் குப்பைத் தொட்டிக்குப் போகும். நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: கடிக்கிறதை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், குடிக்கிறதை மட்டும் கடையில் வாங்குங்கள், அதையும் பாஸ்போட்டில் குடியகல்வு (நாட்டை விட்டு வெளியேறும்) முத்திரை குத்திய பிறகு வாங்குங்கள்.

வீட்டில் கட்டும்போது

கைப்பையில் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கெட்டியான சாப்பாட்டைச் சோதனையில் பொதுவாகத் தடுப்பதில்லை. தண்ணீர்த்தன்மை உள்ளதுக்குத்தான் கட்டுப்பாடு: ஒரு போத்தலோ டப்பாவோ 100 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளக் கூடாது, அப்படிப்பட்ட எல்லாம் சேர்ந்து 1 லீற்றர் அளவுள்ள உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். பாதி காலியான பெரிய போத்தலும் செல்லாது. அவர்கள் பார்ப்பது போத்தலின் கொள்ளளவை, உள்ளே மிச்சம் இருப்பதை அல்ல.

எது தண்ணீர்த்தன்மை என்பதில்தான் நம் ஆட்கள் அகப்படுகிறார்கள். சட்டியோடு கட்டிய எருமைத் தயிர், தேன், ஊறுகாய், எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய் மோஜு, ஜாம், குழம்பு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். மகளுக்கென்று ஆசையாகக் கொண்டுபோகும் தயிர்ச் சட்டி கைப்பையில் இருந்தால் வாசலோடு சரி. தேனும் ஊறுகாயும் கொண்டுபோயே ஆகவேண்டும் என்றால் நன்றாக இறுக்கி, பொலித்தீனில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கவுண்டரில் ஒப்படைக்கும் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.

விடியற்காலைப் பசிக்கு நான் பரிந்துரைப்பவை: எண்ணெய் வடியாத கட்லட், வீட்டில் சுட்ட றோல்ஸ், தேங்காய்ப்பூ ரொட்டி, வாழைப்பழம், ஒரு சரை வறுத்த கச்சான், கொஞ்சம் கஜு. இடியப்பம் வேண்டாம். சொதி இல்லாமல் தொண்டையில் இறங்காது, சொதியைக் கொண்டுபோகவும் முடியாது. மீன் பொரியலைக் கட்டிக்கொண்டு போவதும் உங்கள் விருப்பம்தான், ஆனால் மூடிய அறைக்குள் அந்த மணம் பக்கத்திலிருப்பவருக்கும் போய்ச் சேரும். கடதாசியில் சுற்றி, மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் கைப்பையிலுள்ள பத்திரங்களில் எண்ணெய் படாது.

மிஞ்சியதைப் போய் இறங்கும் நாட்டுக்குள் கொண்டுபோகாமல் விமானத்திலேயே முடித்துவிடுங்கள். வளைகுடாப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கசகசா அந்த நாடுகளில் போதைப்பொருள் கணக்கில் வருகிறது, மசாலாத் தூளிலும் அது கலந்திருக்கக் கூடாது. வெற்றிலைச் சரையை மடியில் வைத்தே பழகிய அம்மாமார் துபாய், அபுதாபிப் பக்கம் போவதென்றால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

தண்ணி இல்லாத காலிப் போத்தல் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலிப் போத்தலுக்குத் தடை இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வழியில்

வேன் நிறுத்தும் கடையில் நடுச்சாமத்தில் கொத்து ரொட்டி ஒரு பிளேட்டை அடித்துவிட்டு ஏறுவது நம் ஆட்களின் வழக்கம். விமானம் ஏறும் நாளில் அதை விடுங்கள். ஒரு பிளேன்டீ, இரண்டு பிஸ்கட் போதும். மூத்திரத்தை அடக்காமல் அங்கேயே போய்விட்டு வந்துவிட வேண்டும்.

வழியனுப்ப வருகிறவர்களோடு சேர்ந்து குடிக்கும் தேத்தண்ணி வெளியில்தான். எவரிவத்தை பஸ் நிலையப் பக்கம் சாதாரணக் கடைகளில் ஊர் விலைக்கே குடிக்கலாம். இல்லையென்றால் வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்து வேனுக்குப் பக்கத்தில் நின்றே ஊற்றிக் குடிக்கலாம். உள்ளே போனபின் ஒன்றாக இருந்து குடிக்கலாம் என்று நினைத்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். கூட வந்தவர்கள் ஒரு எல்லைக்கு மேல் வர முடியாது, அழுகை வேறு வரும், அந்த நேரத்தில் யாருக்கும் கோப்பி இறங்காது.

உள்ளே எந்த ஒழுங்கில் போவது

முதலில் வாசலில் பொதிகளைக் கருவிக்குள் விட்டுச் சோதிப்பார்கள். பிறகு விமான நிறுவனத்தின் கவுண்டர்: பெட்டியை நிறுத்து, ஒப்படைத்து, போர்டிங் பாஸை (விமானம் ஏறும் சீட்டை) வாங்குவது. வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கவுண்டரில் பதிவைக் காட்ட வேண்டும். அடுத்தது குடியகல்வு, அங்கே பாஸ்போட்டில் முத்திரை. அதைத் தாண்டினால் தீர்வையற்ற கடைகள், கோப்பிக் கடைகள், இருக்கைகள். கடைசியாக, விமானத்துக்குப் போகும் கேட் வாசலில் கைப்பைக்கு இன்னொரு சோதனை.

கவுண்டருக்கு முன்னாலேயே ஒரு கோப்பிக் கடை கண்ணில் படலாம். ஆசைப்படாதீர்கள். பெட்டி நிறை கூடிவிட்டால் அதைத் திறந்து சாமானை வெளியே எடுக்க வேண்டி வரும். பணியகத்தில் ஒரு கடதாசி குறையும், வரிசை நகராது. இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பெரும்பாலான நிறுவனங்கள் விமானம் புறப்பட 60 நிமிடத்துக்கு முன் கவுண்டரை மூடிவிடுகின்றன. 3 மணித்தியாலத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள் என்று சொல்வதும் அதனால்தான். பத்திர வேலை எல்லாம் முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில்தான் கோப்பி.

மறுபக்கம், கேட் சோதனையைத் தாண்டிய பிறகு வாங்கலாம் என்றும் இருக்க வேண்டாம். அங்கே உட்கார்ந்திருக்க மட்டும்தான் இடம். கையில் கோப்பிக் கப்போடு அந்த வாசலுக்குப் போனால் நின்றபடி வாயைச் சுட்டுக்கொண்டு குடித்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஆக, முத்திரைக்கும் கேட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடம்தான் உங்கள் தேத்தண்ணிக் கடை.

இருக்கையைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். விமானங்களின் பெயர், நேரம், கேட் இலக்கம் ஓடும் திரை கண்ணுக்குத் தெரியும்படி உட்காருங்கள். கேட் மாறினால் முதலில் அதில்தான் தெரியும். போர்டிங் பாஸில் இரண்டு நேரம் இருக்கும்: ஒன்று ஏறத் தொடங்கும் நேரம், மற்றது விமானம் புறப்படும் நேரம். நீங்கள் கணக்கு வைக்க வேண்டியது முதலாவதை. அதற்கு அரை மணித்தியாலம் முன்பே கப்பைக் கீழே வைத்துவிட்டு, கழிவறைக்குப் போய்விட்டு, கேட்டை நோக்கி நடக்க வேண்டும். தொழுகைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பலகையில் எழுதியிருப்பது என்ன

தலைக்கு மேலே தொங்கும் பலகையைப் பார்த்துத்தான் புதியவர்கள் மிரளுகிறார்கள். பெயர்கள் ஏதோ பாஷையில் இருந்தாலும் விஷயம் எளிது. எல்லாத்துக்கும் அடி ஒன்றுதான், அரைத்த கோப்பிக்குள் சூட்டோடும் அழுத்தத்தோடும் தண்ணீரைப் பாய்ச்சி எடுக்கும் கடுஞ்சாறு. அதன் பெயர் எஸ்பிரசோ. சுமார் 30 மில்லிலீற்றர், இரண்டு மேசைக்கரண்டி அளவு. பலகையில் பெரும்பாலும் முதலாவதாகவும் விலை குறைவாகவும் இருப்பது இதுதான். அதனாலேயே விலையை மட்டும் பார்த்துக் கேட்கிறவர்கள் ஏமாறுகிறார்கள். களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஐயா ஒருவர் அந்தச் சின்னக் கப்பைத் தூக்கிப் பார்த்து, "தம்பி, இது ருசி பார்க்கத் தந்ததா? மறுகா மிச்சத்தைத் தருவீங்களா?" என்று கேட்டார். கடைப்பொடியனுக்குத் தமிழ் விளங்கவில்லை, சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தச் சாற்றில் சுடுதண்ணி சேர்த்தால் அமெரிக்கானோ. ஊரில் வெறும் கோப்பி குடித்துப் பழகியவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒத்துவரும், ஆனால் நம் வீட்டுத் தூளில் இருக்கும் மல்லி, சுக்கு வாசம் இருக்காது, கசப்பும் கூட. பால் கூடச் சேர்த்து மேலே கொஞ்சம் நுரை விட்டால் லாட்டே. பால் குறைவாக, நுரை தடிப்பாக இருந்தால் கபுசினோ. சொக்கலேட் கலந்தால் மொக்கா, அது பிள்ளைகளுக்கும் பிடிக்கும், என்றாலும் அதிலும் கோப்பி இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். ஐஸ் என்று முன்னால் இருந்தால் குளிர்ந்தது, கப்பில் பாதி ஐஸ் கட்டிதான்.

பால் கோப்பி குடிக்கிற வாய்க்கு நான் சொல்வது லாட்டே, சின்னக் கப். இவற்றில் பெரும்பாலும் சீனி போட்டுத் தரமாட்டார்கள். கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் சீனிச் சரைகள், மரக்குச்சி, துடைக்கும் கடதாசி எல்லாம் இருக்கும், வேண்டியதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். வெள்ளையும் மண்ணிறமும் சீனி. வேறு நிறச் சரைகள் பெரும்பாலும் நீரிழிவுக்காரருக்கான இனிப்பு. நம் அளவுக்கு ஒரு சரை காணாது, இரண்டு மூன்று எடுங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கேட்கும் முறை: "ஒரு ஹொட் லாட்டே, ஸ்மோல்." அவ்வளவுதான். அளவைச் சொல்லாவிட்டால் பெரியதைப் போட்டுவிடுவார்கள், விலையும் ஏறும். இங்கேயா கொண்டுபோகவா என்று கேட்டால் கடதாசிக் கப்பில் வாங்குங்கள், எழும்பிப் போக வசதி. சிங்களத்தில் "சீனி அடு" என்றால் சீனி குறைவு. பிளேன்டீ என்றால் எங்கேயும் விளங்கும். பெயரைக் கேட்டு கப்பில் எழுதும் கடையில் கடைசிப் பெயரைச் சின்னதாகச் சொல்லுங்கள், கூப்பிடும்போது உங்களுக்கு அடையாளம் தெரிந்தால் போதும்.

தேத்தண்ணிப் பிரியர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே தேத்தண்ணி என்றால் கப் நிறைய சுடுதண்ணி, அதில் நூலில் தொங்கும் ஒரு தேயிலைப் பை, பக்கத்தில் கொஞ்சம் பால். ஆத்தி நுரை வரவைத்துத் தரும் கடை இல்லை. அந்த விலைக்கு அது தகாது என்பது என் எண்ணம். வீட்டிலிருந்தே இரண்டு தேயிலைப் பையைக் கொண்டுபோய், சுடுதண்ணி மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள், பல இடங்களில் தருவார்கள். தேயிலை நாட்டில் நின்றுகொண்டு கோப்பிக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். 1869இல் இலைத்துரு நோய் வந்து தோட்டங்களை அழிக்கும்வரை இந்த நாட்டின் பெரிய பயிர் கோப்பிதான். தேயிலை அதன் இடத்தில் வந்து குந்தியது பிறகுதான்.

காசு

ஊர்க்கடை விலையை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரு கோப்பியின் காசுக்கு ஊரில் ஒரு குடும்பமே தேத்தண்ணியும் வடையும் சாப்பிட்டுவிடலாம். கோபப்பட்டுப் பயனில்லை, வேண்டாமென்றால் வாங்காமல் விடலாம். பலகையின் அடியில் சின்ன எழுத்தில் வரி தனி என்று இருக்கிறதா பாருங்கள். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். உட்கார்ந்து சாப்பிடும் இடமானால் 10 வீதச் சேவைக் கட்டணமும் மேலே வரலாம். விலையைக் கேட்டு, மொத்தம் எவ்வளவு என்று ஒருமுறை உறுதிப்படுத்திவிட்டுக் காசைக் கொடுங்கள், பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

ரூபாயில் கொடுப்பதே நல்லது. டொலர் கொடுத்தால் மிச்சம் ரூபாயில்தான் வரும், அது அங்கே போய் உதவாது. கையிலிருக்கும் சில்லறை நாணயங்களை இங்கேயே முடித்துவிடுங்கள், வெளிநாட்டில் நாணயம் மாற்றமாட்டார்கள். வங்கி அட்டை இருந்தால், வெளிநாட்டில் பாவிக்கும் வசதியை ஊரில் இருக்கும்போதே வங்கியில் சொல்லித் திறந்து வையுங்கள். டோஹாவிலோ துபாயிலோ அட்டையைத் தட்டும்போது இலங்கை ரூபாயிலா அந்நாட்டுக் காசிலா என்று கருவி கேட்டால், அந்நாட்டுக் காசைத் தெரியுங்கள். ரூபாயைத் தெரிந்தால் மாற்று விகிதத்தில் கூடுதலாக வெட்டுவார்கள்.

ஹலாலும் மரக்கறியும்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பெற்றிஸ், பணிஸ், சான்விச் எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. உள்ளே மீனா கோழியா மரக்கறியா என்று கேட்டே வாங்குங்கள். சான்விச்சில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கலாம். முஸ்லிம்கள் ஹலால் சான்றிதழ் கடையில் தொங்குகிறதா என்று பார்ப்பார்கள், இல்லாவிட்டால் முட்டை, சீஸ், வாழைப்பழக் கேக் என்று பாதுகாப்பான பக்கம் ஒதுங்கிவிடுவது வழக்கம். வெள்ளிக்கிழமை விரதகாரருக்கு மாவுப் பண்டங்களில் முட்டை சேர்ந்திருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு ரொட்டி கைப்பையில் இருந்தால் இந்தத் தலையிடியே இல்லை.

விமானத்தில் மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் ரிக்கற் எடுத்த இடத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், குறைந்தது 24 மணித்தியாலத்துக்கு முன். ஏறிய பிறகு கேட்டால் மிச்சம் இருந்தால்தான். கட்டணம் குறைந்த நிறுவனங்களில் சாப்பாடே விலைக்குத்தான். அதில் போகிறவர்கள் கட்டுநாயக்கவிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

எவ்வளவு குடிப்பது

ஒரு கப். இரண்டாவது வேண்டாம். விமானத்துக்குள் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும், தொண்டையும் உதடும் வறளும். கோப்பி சிறுநீரைக் கூட்டும், ஜன்னலோரம் அகப்பட்டவர் பக்கத்து ஆட்களைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டி வரும். உள்ளே காற்றழுத்தமும் குறைவு, 6000 முதல் 8000 அடி உயரத்தில் இருப்பதுபோல், ஏறத்தாழ நுவரெலியாவிலோ அதற்கு மேலோ நிற்கிற கணக்கு. வயிற்றிலுள்ள வாயு அந்த உயரத்தில் விரியும். அவித்த கடலை, சோடா இரண்டையும் ஏறுமுன் தவிர்ப்பது அதனால்தான். சலரோகக்காரர் மருந்தைப் பெரிய பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வைத்திருங்கள், வெறும் வயிற்றில் கோப்பியோடு மட்டும் நிறுத்தாதீர்கள்.

இடையில் இறங்கி மாறும்போது

டோஹா, துபாய் நிலையங்களில் குடிதண்ணீர்க் குழாய்கள் உண்டு. காலிப் போத்தல் கொண்டுபோகச் சொன்னது இதற்காகத்தான். அங்கும் சோதனை முடிந்தபின் நிரப்புங்கள். நோன்பு மாதத்தில் போகிறவர்களுக்கும் அங்கே பகலில் கடைகள் திறந்தே இருக்கும். சென்னை வழியாக மதுரை, திருச்சி போகிறவர்கள் உள்நாட்டு முனையத்தில் உடான் யாத்ரி கஃபே என்ற கடையைத் தேடுங்கள். 2025 பெப்ரவரியில் திறந்தார்கள். திறந்தபோது தேநீர் 10, கோப்பி 20, சமோசா 20, தண்ணீர் 10 இந்திய ரூபாய். சோதனைக்கு முன்னால் இருக்கிறது, உள்ளே போய்விட்டுத் திரும்பி வர முடியாது. இந்தியாவில் பொதி செய்த பண்டங்களில் பச்சை வட்டம் இருந்தால் மரக்கறி.

விமானம் பல மணித்தியாலம் தாமதமானால் சொந்தக் காசில் திரும்பத் திரும்ப வாங்கிக் குடிக்காமல், நிறுவனத்தின் ஆட்களிடம் போய்ச் சாப்பாட்டுச் சீட்டு தருவார்களா என்று கேளுங்கள். பல வேளைகளில் கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும். அந்தச் சீட்டு எந்தக் கடையில் செல்லும், எத்தனை மணிவரை செல்லும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸைக் காட்டச் சொல்வார்கள், பையின் அடியில் போட்டுவிடாமல் கைக்கெட்டும்படி வைத்திருங்கள்.